படுத்தால்தான் தெரிகிற வலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகல் முழுக்க ஓடியாடும்போது ஒன்றும் தெரிவதில்லை. படுக்கையில் சாய்ந்ததும் கால் உளைகிறது, தோள் குடைகிறது, விடிந்து எழுந்தால் இடுப்பு நிமிர மறுக்கிறது. இப்படி ஓய்வு நேரத்தில் வரும் அன்றாட வலிகளைப் பற்றி மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டிய வலிகள் எவை என்பதைக் கடைசிக் கேள்வியில் எழுதியிருக்கிறேன். வலி புதிதாகவோ கடுமையாகவோ இருந்தால் முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

வேலை செய்யும்போது தெரியாத வலி, படுத்ததும் ஏன் தெரிகிறது?

வலி பெரும்பாலும் பகலிலேயே இருந்திருக்கும். அதை அமுக்கி வைத்திருந்த சங்கதிகள் இரவில் ஒவ்வொன்றாக விலகிவிடுகின்றன.

முதலாவது, அசைவும் தொடு உணர்வும். எங்காவது இடித்துக்கொண்டால் யாரும் சொல்லாமலே அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம், வலியும் கொஞ்சம் அடங்குகிறது. தொடுதலும் அசைவும் அனுப்பும் நரம்புச் செய்திகள், வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே ஓரளவு மட்டுப்படுத்துகின்றன என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவரும் 1965ல் விளக்கினார்கள். நடக்கிறோம், பொருளை எடுக்கிறோம், திரும்புகிறோம் என்று பகலெல்லாம் அந்தச் செய்திகள் ஓடிக்கொண்டே இருக்கும். அசையாமல் படுத்ததும் அவை ஓய்ந்துவிடும்.

இரண்டாவது, கவனம். பகலில் மனம் பத்து வேலையில் இருக்கும். இருட்டில், சத்தம் இல்லாத அறையில், அது முழங்காலைத் தவிர வேறெங்கே போகும்?

மூன்றாவது, கார்ட்டிசால். உடம்பு தானே சுரக்கும் இந்த ஹார்மோன் வீக்கத்தையும் அழற்சியையும் கட்டுக்குள் வைக்க உதவுகிறது. நள்ளிரவை ஒட்டி அதன் அளவு மிகக் குறைவாக இருக்கும், விடியற்காலையில்தான் ஏறும். அழற்சியால் வரும் மூட்டு வலி பின்னிரவில் அதிகமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் “பகலில் நன்றாகத்தானே இருந்தாய், ராத்திரி மட்டும் எப்படி வலிக்கும்?” என்று வீட்டில் யாரையும் கேட்க வேண்டாம். அவர்கள் சொல்வது உண்மைதான்.

ஓய்வெடுத்தால் வலி குறையத்தானே வேண்டும்?

புதிதாக அடிபட்டிருந்தால், சுளுக்கியிருந்தால், ஓரிரு நாள் அந்த இடத்துக்கு ஓய்வு தேவை. அதைத் தாண்டிப் படுத்தே கிடப்பது பெரும்பாலான அன்றாட வலிகளைக் கூட்டத்தான் செய்யும். மூட்டுக் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டை மடக்கி நீட்டும்போது உள்ளே இருக்கும் திரவம் பரவி அதற்கு ஊட்டம் போகிறது. அசைக்காத மூட்டு விறைத்துக்கொள்ளும்.

இடுப்பு வலிக்கு இது ஆராய்ந்தே பார்க்கப்பட்டிருக்கிறது. பின்லாந்தில் இடுப்பு வலியோடு வந்தவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, இன்னொன்றுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது பிரிவினர் வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தார்கள். சீக்கிரம் தேறியவர்கள் மூன்றாவது பிரிவினர். அந்த முடிவு 1995ல் வெளியானது. முப்பது ஆண்டு ஆகியும் “பத்து நாள் அசையாமல் படு” என்ற அறிவுரை இன்னும் புழக்கத்தில் இருப்பது வருத்தமாக இருக்கிறது.

காலையில் எழுந்ததும் உடம்பு விறைப்பாக இருக்கிறது. எதுவரை சாதாரணம்?

கடிகாரத்தைப் பாருங்கள். இதைவிட எளிய பரிசோதனை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

வயதோடு வரும் மூட்டுத் தேய்மானத்தில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். நாலு நடை நடந்து, பல் துலக்கி முடிப்பதற்குள் பாதி சரியாகியிருக்கும். அரை மணி நேரத்தையும் தாண்டி ஒரு மணி, இரண்டு மணி என்று நீண்டால், அதிலும் இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, சட்டைப் பொத்தான் போடவோ மூடியைத் திருகவோ முடியாமல் போனால், அது முடக்குவாதம் போன்ற அழற்சி நோயாக இருக்கலாம். அதைச் சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து தொடங்கினால் மூட்டு சிதையாமல் காப்பாற்ற முடியும். “வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று தள்ளிப்போடும் மாதங்களில்தான் சேதம் நடக்கிறது.

இளம் வயதுக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கிய இடுப்பு வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிறது, பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கிறது, படுத்தால் குறையாமல் நடந்தால் குறைகிறது என்றால், முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எழுந்ததும் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஏன்?

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டுகள் இரவில் நீரை உறிஞ்சி ஊறுகின்றன. காலையில் நம் உயரம் ஒரு சென்டிமீட்டர்வரை, சிலருக்கு அதற்கும் மேல் கூடியிருப்பது இதனால்தான். ஊறிய தட்டு இறுக்கமாக இருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் தட்டின் மீதும் தசைநார்கள் மீதும் பகலைவிட அதிக இழுவிசை விழும். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அந்தக் கூடுதல் நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும், பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே. நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்கள் எழுந்த பிறகு முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தாலே வலி குறைந்ததாக 1998ல் ஓர் ஆய்வு காட்டியது. செலவே இல்லாத வைத்தியம்.

படுக்கையை விட்டு எழும் விதத்தையும் மாற்றிப் பாருங்கள். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழும்பி உட்கார வேண்டாம். முதலில் இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். தோளும் இடுப்பும் முழங்காலும் ஒன்றாகத் திரும்பும்படி ஒரு பக்கமாகப் புரளுங்கள். கால்களைக் கட்டில் விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கவிடுங்கள். கால் இறங்கும் பாரமே மேலுடம்பைத் தூக்க உதவும். மேல்பக்கக் கையால் மெத்தையை அழுத்தி, கீழ்ப்பக்க முழங்கையை ஊன்றி உட்காருங்கள். உட்கார்ந்ததும் உடனே எழாமல் நாலு மூச்சு விட்டுவிட்டு எழுங்கள். தரையில் படுப்பவர்கள் புரண்ட பிறகு முட்டி போட்டு, நாற்காலியையோ சுவரையோ பிடித்து எழலாம். முகம் கழுவும்போது ஒரு கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றிக்கொள்ளுங்கள். செருப்பு, ஷூ எல்லாம் உட்கார்ந்து மாட்டலாம்.

நடு ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது?

அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தூக்கத்தில் காலை நீட்டி முறித்த மறுநொடி கெண்டைச் சதை கல் மாதிரி உருண்டுகொள்ளும், பாதம் தானாகக் கீழ்நோக்கி வளையும், கத்தக்கூட வராது.

அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாதத்தை எதிர்ப்பக்கம் கொண்டுவருவது. முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு, கால் விரல்களை முகத்தை நோக்கி மெதுவாக இழுங்கள். கை எட்டாவிட்டால் ஒரு துண்டை முன்பாதத்தில் சுற்றி இரண்டு முனையையும் பிடித்து இழுக்கலாம். எழுந்து நிற்க முடிந்தால் அந்தக் காலைத் தரையில் முழுசாகப் பதித்து, குதிகால் தூக்காமல் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலும் போதும். வெடுக்கென்று இழுக்காதீர்கள், சதை இன்னும் இறுகும். உருண்டை தளர ஆரம்பித்ததும் உள்ளங்கையால் நீவிவிடுங்கள். மறுநாள் அந்த இடம் அடிபட்ட மாதிரி நோவது சகஜம்.

படுக்கையில் பாதம் இயல்பாகவே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். கெண்டைச் சதை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருப்பதால் சின்ன நரம்புத் தூண்டலே அதைப் பிடிப்பாக மாற்றிவிடுகிறது. வயது கூடும்போதும், கர்ப்ப காலத்திலும், பகலில் அளவுக்கு மீறி நின்றாலும் நடந்தாலும் இது அதிகம் வரும். நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வரலாம். அப்படியானால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வராமல் தடுக்க, படுக்கும் முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டிவிடுவது நல்லது. நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆறு வாரம் தினமும் இதைச் செய்ததில் பிடிப்பு வருவதும் அதன் கடுமையும் குறைந்தன. சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி அரை நிமிடம் நில்லுங்கள். காலுக்கு இரண்டு மூன்று முறை போதும். போர்வையைக் காலடியில் இறுக்கிச் செருகாதீர்கள், அது பாதத்தைக் கீழே அழுத்தும்.

மக்னீசியம் மாத்திரை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் வயதானவர்களின் இரவுப் பிடிப்புக்கு அதனால் பெரிய பலன் இருப்பதாகத் தெரியவில்லை. குயினைன் மாத்திரையை இதற்காக எடுக்கவே வேண்டாம். ரத்தத் தட்டணுக்களையும் இதயத் துடிப்பையும் அது ஆபத்தான அளவுக்குப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது.

வலி என்று சொல்ல முடியவில்லை. காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருக்கிறது. இது என்ன?

சதைக்குள் ஏதோ ஊர்வது மாதிரி, குடைவது மாதிரி, இழுப்பது மாதிரி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். நான்கு அடையாளங்கள் சேர்ந்து இருந்தால் இது ‘அமைதியற்ற கால்’ தொந்தரவாக இருக்கலாம். காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல் இருக்கும். ஓய்வாக இருக்கும்போது அது தொடங்கும் அல்லது கூடும். எழுந்து நடந்தால், நடக்கும் வரைக்குமாவது குறையும். மாலையிலும் இரவிலும்தான் மோசமாகும்.

இது மனப்பிரமை இல்லை. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1672லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1945ல் சுவீடனின் கார்ல் ஆக்சல் எக்போம் இதை விரிவாக விவரித்துப் பெயர் கொடுத்தார்.

இரும்புச் சத்துக் குறைபாடு இதன் முக்கியமான காரணங்களில் ஒன்று. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம், அதனால் ஃபெரிட்டின் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள், சில மனச்சோர்வு மருந்துகள், மாலை நேரத்துக் காபி ஆகியவை இதைக் கிளப்பிவிடலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதிகம் வரும். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாக அடங்கிவிடும்.

தூக்கத்தில் கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன். பக்கவாதமாக இருக்குமோ?

கையின் மேல் படுத்ததால் மரத்து, எடுத்த சில நிமிடங்களில் சரியானால் அது நரம்பு அழுந்தியது, அவ்வளவுதான். அடிக்கடி நடந்தால் எந்த விரல் என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்வதால் நெருக்கம் கூடும். தெர்மாமீட்டரை உதறுவதுபோல் கையை உதறினால் சரியாகிறது என்று நோயாளிகள் தாங்களாகவே சொல்வார்கள். மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் கட்டிக்கொண்டால் பலருக்குச் சில வாரங்களில் நல்ல மாற்றம் தெரியும். சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால் பிரச்சினை பெரும்பாலும் முழங்கையில். முழங்கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குபவர்களுக்கு இது வரும். முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டிக்கொண்டால் முழுதாக மடங்காது.

பொருள் கை நழுவி விழ ஆரம்பித்தாலோ, கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ நாள் கடத்தாதீர்கள். திடீரென்று ஒரு பக்கக் கையோடு முகமும் கோணி, பேச்சும் குழறினால் அது பக்கவாதம். அப்போது உடனே ஆம்புலன்ஸ்.

தோள் வலியால் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை.

வலிக்கும் தோளின் மேல் படுத்தால் அங்கிருக்கும் தசைநார்கள் நசுங்கும். மறுபக்கம் படுத்தாலோ மேல் கை முன்னால் சரிந்து தோளை இழுக்கும். அதனால் மறுபக்கம் படுத்து, நெஞ்சுக்கு முன்னால் ஒரு தலையணையை அணைத்து அதன் மேல் கையை வையுங்கள். மல்லாந்து படுப்பதானால் முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று போதும். தலைவாரவும் முதுகுக்குப் பின்னால் கை கொண்டுபோகவும் நாளுக்கு நாள் சிரமம் கூடினால் அது தோள் இறுக்கமாக மாறிக்கொண்டிருக்கலாம். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் இது அதிகம், சர்க்கரை நோய் இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும்.

காலையில் முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்தினாற்போல் வலி.

உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை போகும் தடித்த நார்ப்பட்டையின் தொந்தரவு இது. இரவில் அது சுருங்கிய நிலையில் இருந்துவிட்டு, முதல் அடியில் உடம்பின் முழு எடையோடு சட்டென்று நீட்டப்படுகிறது. நாலைந்து அடி நடந்ததும் வலி குறைவதும், நீண்ட நேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்புவதும் இதன் குணம்.

காலைத் தரையில் வைப்பதற்கு முன்பே, கட்டிலில் உட்கார்ந்தபடி அந்தக் காலை மறுதொடை மேல் போட்டு, கால் விரல்களைக் கையால் பின்னுக்கு மடக்குங்கள். உள்ளங்கால் நார் கயிறு மாதிரி விறைப்பதை மறுகைப் பெருவிரலால் தொட்டு உணர முடியும். பத்து எண்ணி விடுங்கள், பத்து முறை செய்யுங்கள். பிறகு வெறுங்காலோடு இறங்காமல் மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொண்டு நடங்கள். பொறுமை வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். ஆனால் பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் அறுவை எதுவும் இல்லாமலே போய்விடுகிறது.

வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முட்டி வலிக்கிறது.

மடங்கிய முழங்காலில் முட்டிச்சில்லு தொடை எலும்போடு அழுந்தியே இருக்கும். காலை நீட்டி உட்காருங்கள், அரை மணிக்கொரு தரம் எழுந்திருங்கள். தொடைத் தசையையும் இடுப்புப் பக்கத் தசையையும் வலுவாக்கும் பயிற்சிதான் நீண்டகாலத் தீர்வு.

எந்த மெத்தை, எந்தத் தலையணை நல்லது?

கட்டாந்தரைபோல் கெட்டியாக இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் சோதித்து, 2003ல் வெளியான ஆய்வில் நல்ல கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. விலை உயர்ந்ததை வாங்கும் முன், இருக்கும் படுக்கையிலேயே சில மாற்றங்களைச் செய்து பாருங்கள். ஒருக்களித்துப் படுப்பவர்கள் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தால் இடுப்பு முறுக்காது, பக்கவாட்டு இடுப்பு வலியும் குறையும். மல்லாந்து படுப்பவர்கள் முழங்காலுக்கு அடியில் வைக்கலாம். தலையணையின் உயரம், ஒருக்களித்தால் காதுக்கும் தோள் நுனிக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் அளவுக்கு இருக்கட்டும். குப்புறப் படுத்தால் கழுத்து மணிக்கணக்கில் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். கழுத்துப் பிடிப்பு அடிக்கடி வந்தால் அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

உடற்பயிற்சி செய்த அன்று ஒன்றுமில்லை, மறுநாள் உட்காரவே முடியவில்லை.

பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதமும் அதை உடம்பு சரிசெய்வதும் தரும் வலி. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகக் குறையும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் என்பது தவறு, அது பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். லேசாக நடந்துகொண்டிருங்கள். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் மட்டும் உடனே மருத்துவமனை.

வெந்நீர் ஒத்தடமா, ஐஸ் ஒத்தடமா?

புதிய அடி, வீக்கம் என்றால் ஐஸ். பழைய வலி, விறைப்பு, பிடிப்பு என்றால் சூடு. எதுவானாலும் துணி சுற்றி, பதினைந்து இருபது நிமிடம். மின் ஒத்தடப் பட்டையின் மேல் தூங்கிவிடாதீர்கள். சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் காலுக்குச் சூடு வைக்கவே வேண்டாம், சுடுவது தெரியாமல் புண்ணாகிவிடும்.

தினமும் வலி மாத்திரை போட்டுத் தூங்கலாமா?

ஓரிரு நாள் சரி. தினமும் தேவைப்பட்டால் காரணம் என்னவென்று பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் கோளாறு இருந்தால் அதற்கும் குறைவு. சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும், சேர்த்துக் கணக்கிடுங்கள். ஐபூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் வயிற்றுப்புண், சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்த உயர்வு ஆகியவற்றைக் கொண்டுவரலாம். ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் இவற்றைக் கேட்காமல் தொடவே கூடாது.

தூக்கத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். வலி தூக்கத்தைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் தூக்கம் கெட்டால் மறுநாள் வலியைத் தாங்கும் சக்தியும் குறையும். ஒரே நேரத்துக்குப் படுத்து எழுவதும் வலி மருத்துவத்தில் சேர்ந்ததுதான்.

குழந்தை ராத்திரியில் கால் வலி என்று அழுகிறது. காலையில் துள்ளிக் குதிக்கிறது.

மூன்றிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இது சகஜம். வளர்ச்சி வலி என்கிறார்கள், வளர்ச்சிதான் காரணம் என்று நிரூபணம் இல்லை. இரண்டு காலிலும் தொடை, கெண்டை, முழங்காலுக்குப் பின்புறம் என்று மாலையிலோ இரவிலோ வந்து, விடிந்தால் சுவடே இருக்காது. நீவிவிடுங்கள், இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள். நடிக்கிறது என்று மட்டும் திட்டாதீர்கள். எப்போதும் ஒரே காலில் வலி, நொண்டி நடப்பது, காலையிலும் தொடர்வது, வீக்கம், காய்ச்சல், எடை குறைவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

எந்த வலிக்குக் காத்திருக்கக் கூடாது?

எப்படிப் புரண்டு படுத்தாலும் கொஞ்சமும் மாறாமல், இரவுக்கு இரவு கூடிக்கொண்டே போகும் வலி. காரணமில்லாத எடைக் குறைவு, காய்ச்சல், இரவு வியர்வை இவற்றோடு வரும் வலி. முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் எலும்பு வலி. இவற்றை அந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். படுத்தால் பாதம் வலித்து, கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறைகிறது என்றால் காலுக்கு ரத்தம் போதாமல் இருக்கலாம். புகைப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதை வெறும் கால் உளைச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். இதில் காலையே இழக்கும் ஆபத்து இருப்பதால் ஓரிரு நாளுக்குள் காட்ட வேண்டும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அறுவைக்குப் பிறகும் நீண்ட பயணத்துக்குப் பிறகும் இதில் கூடுதல் கவனம் தேவை. தேய்க்காதீர்கள், அன்றே காட்டுங்கள். கூடவே மூச்சுத் திணறினால் அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். ஓய்வில் இருக்கும்போது நெஞ்சு இறுகி, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினாலும் அப்படித்தான். வாயு என்று நினைத்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இடுப்பு வலியோடு சிறுநீர் பிரியாமல் போனாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ, தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி நரம்புகள் நெருக்கப்படுகின்றன என்று பொருள். அதற்குச் சில மணி நேரம்கூட முக்கியம். விடியட்டும் என்று காத்திருக்காமல், ராத்திரி எந்நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.